அஞ்சலை கடைக்கு எழுதிய இரண்டு வரி

அஞ்சலை என் ஆபீஸுக்குள் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க" என்றார். மறுமுனையில் பேசிய ஆள் சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"கலியமூர்த்தி இருக்காருங்களா? போர் மோட்டாரு எரிஞ்சுபோச்சு. வந்து பாக்கணும்."

"அவரு தவறிட்டாருங்க."

உடனே கேள்விகள் வந்தன. எப்போது, எப்படி, என்ன வயது, பிள்ளைகள் எத்தனை. அஞ்சலை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "நெஞ்சு வலிங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே. ஒரே பொண்ணுங்க, காலேஜ் படிக்குது." கடைசியில், "மோட்டாரக் கடைக்குக் கொண்டாங்க, நான் கட்டித் தரேன்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த ஆள், "தைரியமா இரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அஞ்சலை போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "தெனம் இப்படித்தான் மேடம். கடையத் தெறந்ததுலேர்ந்து சாத்தற வரைக்கும் இதையே சொல்லிகினு இருக்கேன். புதுசா ஒருத்தர் கூப்பிடறப்பல்லாம் அவரு மறுபடியும் செத்துப்போறாரு."

நான் நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் பல வருஷமாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவள். நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலை பார்க்கும் கணவரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். முதலில் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் டைப் செய்தேன். பிறகு கடைகளுக்கு வெப்சைட். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் மெட்டா டேக் பற்றிக் கேட்பார்கள். எத்தனை எழுத்து இருக்க வேண்டும், எந்தச் சொல்லை முதலில் போட வேண்டும் என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது அஞ்சலை கடையின் கதைதான்.

ஹோம் என்று ஒரு கடை

அஞ்சலையின் கணவர் கலியமூர்த்தி மந்தாரக்குப்பத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாருக்குள் இருக்கும் பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டித் தருகிற கடை. வெளியூர் ஆள் யாரோ அவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடையின் பெயரையே முழுதாக அடித்துத் தேடினாலும் அது வரவில்லை.

"கடை வாசல்ல போர்டு வெச்சிருக்கேன். பஸ்ஸுல போறவன்கூடப் படிக்கிறான். கம்ப்யூட்டர்ல மட்டும் என் கடையக் காணோம் மேடம்," என்று, என்னிடம் முதன்முதலாக வந்தபோது கலியமூர்த்தி சிரித்தார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுகிற மனிதர்.

அந்தப் பக்கத்தின் கோடிங்கைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வெப்பக்கத்துக்கும் மேலே ஹெட் என்று ஒரு பகுதி உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறியிடம்தான் அது பேசும். இது யாருடைய பக்கம், எதைப் பற்றியது, தேடல் முடிவில் என்ன காட்டலாம் என்பதெல்லாம் அங்கே சின்னச் சின்ன வரிகளாக இருக்கும். அவைதான் டேக்குகள்.

அங்கே ஒரு மெட்டா டேக்கில் நோஇண்டெக்ஸ் என்று இருந்தது. இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று அர்த்தம். சைட் கட்டி முடிக்கும் வரை இப்படி ஒரு வரி போட்டு வைப்பதுண்டு. கட்டியவர் அதை எடுக்க மறந்துவிட்டார். டைட்டில் டேக்கில், அதாவது தேடல் முடிவில் பெயராக வருகிற இடத்தில், வெறுமனே ஹோம் என்று இருந்தது. கீவேர்ட்ஸ் என்ற டேக்கில் மோட்டார், மோட்டார் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அந்த டேக்கைப் பெரிய தேடுபொறிகள் பார்ப்பதை விட்டுவிட்டன. டிஸ்க்ரிப்ஷன், அதாவது தேடல் முடிவில் கடைப் பெயருக்குக் கீழே இரண்டு வரியாக வருகிற விளக்கம், காலியாக இருந்தது.

நோஇண்டெக்ஸ் வரியை எடுத்தேன். பிறகு கலியமூர்த்தியிடம் கேட்டேன். "மோட்டார் எரிஞ்சுபோன ஒருத்தர் போனை எடுத்து என்னன்னு தேடுவார்?"

"வைண்டிங்னு அடிப்பான். இல்லன்னா மோட்டார் காயில் கட்டற எடம்னு அடிப்பான். இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ அடிப்பான்."

"அவர் உங்க கடைக்குக் கூப்பிடணும்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"எந்த நேரமும் கூப்பிடுங்க, நானே வந்து பாக்கறேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?"

பொதுவாக நான் இன்னும் இறுக்கமாக எழுதுவேன். அன்று அவர் சொன்னதையே போட்டேன். டைட்டிலில் 'கலியமூர்த்தி மோட்டார் வைண்டிங், நெய்வேலி'. டிஸ்க்ரிப்ஷனில் காயில் கட்டும் இடம் என்பதைச் சொல்லி, 'எந்த நேரமும் கூப்பிடுங்க, நானே வந்து பார்க்கிறேன்' என்று அவர் பெயரோடு முடித்தேன்.

அந்த வரி நன்றாக வேலை செய்தது. காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரர்கள், வளையமாதேவிப் பக்கம் நெல் போடுகிறவர்கள் என்று அவரைத் தெரியாதவர்களெல்லாம் கூப்பிட்டார்கள். "போன்லயே நீங்கதான வருவீங்கன்னு கேக்கறாங்க மேடம்," என்று சந்தோஷமாகச் சொன்னார்.

படம் எடுக்க ஒருமுறை அவர் கடைக்குப் போனேன். முன்பக்கம் கலியமூர்த்தி ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே, டியூப் லைட்டுக்குக் கீழே, அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை சுற்று என்று உதடு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணி முடிக்கும்வரை நிமிரவில்லை. படத்துக்குக் கூப்பிட்டபோது, "என்னை எதுக்கு மேடம்" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்துகொண்டார். கலியமூர்த்தி மட்டும் ஒரு மோட்டார்மேல் கை வைத்து நின்றார்.

கட்டித் தரப்படும்

அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில் கலியமூர்த்தி இறந்துபோனார். அஞ்சலை என் ஆபீஸில் போனைக் கவிழ்த்து வைத்தது மாசிக் கடைசியில்.

கூடவே அவர் கணவரின் அண்ணன் தண்டபாணியும் வந்திருந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் போன் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

"அந்த 'நானே வந்து பாக்கறேன்'றத மட்டும் எடுத்துட முடியுங்களா?" என்று அஞ்சலை கேட்டார். பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அது அவருக்கு வாயில் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"வரிய எடுங்க, பேர எடுக்காதீங்க," என்றார் தண்டபாணி. "எந் தம்பி பேருக்குத்தான் மேடம் கடை. அது போச்சுன்னா அப்புறம் கடை எது?"

"பெயர் இருந்தா அவரைத்தானே கேட்பாங்க?" என்றேன்.

"என் நம்பரக் குடுத்துடுங்க. நான் பேசிக்கறேன்."

"மாமா, நீங்க ஷிப்டுல இருப்பீங்க. உள்ள போனா போன எடுக்க முடியாதே," என்றார் அஞ்சலை.

தண்டபாணி தலை குனிந்துகொண்டார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். பொம்பள பேசுனா எவன் நம்பி மோட்டாரக் கொண்டாருவான்? அந்தப் பேச்செல்லாம் இவ கேக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அவர் தம்பி மனைவியைத் தடுக்க வந்தவர் இல்லை. காப்பாற்ற வந்தவர். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நான் நடுவழி ஒன்று சொன்னேன். யார் பெயரும் வேண்டாம். 'மோட்டார் வைண்டிங், மந்தாரக்குப்பம், நெய்வேலி' என்று டைட்டில். 'அனைத்து வகை மோட்டார்களுக்கும் காயில் கட்டித் தரப்படும்' என்று டிஸ்க்ரிப்ஷன். இரண்டு பேரும் சரி என்றார்கள். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

டேக்கை மாற்றுவது சுலபம். ஆனால் நாம் மாற்றிய உடனே தேடலில் மாறாது. தேடுபொறியின் இயந்திரம் மறுபடி நம் பக்கத்துக்கு வந்து படித்துப் போனால்தான் புது வரி வரும். சீக்கிரம் வந்து படி என்று கேட்டு வைக்கலாம். எப்போது வரும் என்று உறுதி சொல்ல முடியாது. சில நாள் கழித்து அஞ்சலை கூப்பிட்டார்.

"மாத்திட்டீங்களா மேடம்? இன்னும் அவரத்தான் கேக்கறாங்க."

"நம்ம பக்கத்துல மாத்திட்டேன் அஞ்சலை. தேடுற இடத்துல பழசே இருக்கு. அங்க இன்னும் தெரியல."

"அதுக்கும் சேதி போய்ச் சேரணுமாங்க?" என்று கேட்டார்.

ஒருவழியாகப் புது வரி வந்தது. கலியமூர்த்தி பெயர் தேடலிலிருந்து போனது. ஆனால் கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள். கூப்பிட்டவர்களும் அஞ்சலையின் குரலைக் கேட்டதும், "ஓனர் இல்லிங்களா? கடைல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா குடும்மா," என்றார்கள். "ஓனர் தவறிட்டாருங்க," என்று அஞ்சலை சொன்னார். மறுபடியும் எப்போது, எப்படி, பிள்ளைகள் எத்தனை.

கட்டித் தரப்படும் என்று எழுதினால் யார் கட்டித் தருவார் என்ற கேள்வி போனில் வரத்தான் செய்யும். நான் எழுதாமல் விட்டதை அஞ்சலை ஒவ்வொரு முறையும் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

கடையில் பேசியது

சித்திரை வெயிலில் ஒருநாள் அவர் கடைக்குப் போனேன். வழக்கமாக அந்த மாதத்தில் வோல்டேஜ் குறைந்து மோட்டார்கள் எரியும். கடை வாசலில் இடம் இருக்காது. அன்று இரண்டு மோட்டார்கள்தான் கிடந்தன. அதில் ஒன்று பக்கத்து டீக்கடைக்காரருடையது. காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனை மட்டும் பழையபடி இருந்தது.

அஞ்சலை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"மாமா இந்தக் கடைய ஸ்பேர்பார்ட்ஸ்காரர் ஒருத்தருக்கு விடறதுக்குப் பேசியிருக்காரு. எனக்குக் கேன்டீன்ல கான்ட்ராக்ட் வேல பாத்து வெச்சிருக்காரு. நல்லதுக்குத்தான் செய்யறாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு இந்த வேலதான் தெரியும். கல்யாணம் ஆயி வந்த கொஞ்ச நாள்லயே இந்தப் பெஞ்சுல உக்காந்துட்டேன். மோட்டார இழுத்து மாட்டறதுக்கு ரெண்டு ஆளுங்க கூப்புட்டா வராங்க. கட்டறதுக்கு நான் இருக்கேன். ஆனா அது எங்க வூட்டத் தவிர ஊருல யாருக்கும் தெரியாதே."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் சரியான கேள்வியைக் கேட்டேன். "புதுசா ஒருத்தர் உங்களைக் கூப்பிடுறார். போன் பண்ணுறதுக்கு முன்னாடியே அவருக்கு என்னென்ன தெரிஞ்சிருந்தா உங்களுக்கு நல்லது?"

அஞ்சலை யோசித்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டறது நான்தான்னு தெரிஞ்சிருக்கணும். நான் தோட்டத்துக்கு வர மாட்டேன், மோட்டாரக் கழட்டிக் கடைக்குக் கொண்டாரணும்னு தெரிஞ்சிருக்கணும். போன எடுக்கறது பொம்பளதான்னு தெரிஞ்சிருக்கணும். வேணாம்னா அவங்க கூப்புடவே வேணாம்."

நான் போனிலேயே எழுத ஆரம்பித்தேன். டைட்டிலில் 'அஞ்சலை மோட்டார் வைண்டிங்' என்று எழுதிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் தவிர எம் பேரு எதுலயும் வந்ததில்லிங்க."

டிஸ்க்ரிப்ஷனில், 'மறைந்த கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலை' என்று ஆரம்பித்தேன். அதைப் படித்ததும் அஞ்சலை வேகமாகத் தலையசைத்தார்.

"பொண்டாட்டின்னு போட்டா துக்கம் கேக்கத்தான் கூப்புடுவாங்க மேடம். வேலைக்குக் கூப்புட மாட்டாங்க."

அதற்குப் பிறகு நான் எதையும் சேர்க்கவில்லை. அவர் சொன்னதையே எழுதினேன். 'பல வருஷமாக இந்தக் கடையில் காயில் கட்டும் அஞ்சலையே பேசுவார். மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.' போனில் தேடினால் நீளமான வரியைப் பாதியில் வெட்டிவிடும். அதனால் யார் பேசுவார் என்பதை முதலில் வைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். நாம் எழுதுகிற டிஸ்க்ரிப்ஷனைத்தான் தேடுபொறி காட்டும் என்று கட்டாயம் இல்லை. சில நேரம் அதை விட்டுவிட்டுப் பக்கத்துக்குள்ளிருந்து ஏதோ ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டும். அதனால் பக்கத்தின் மேலேயும் அதே விஷயத்தை எழுதினேன். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து காயில் கட்டுகிற படத்தை எடுத்து அங்கே போட்டேன். இந்த முறை அவர் நகரவில்லை. கலியமூர்த்தியின் படத்தை அதற்குக் கீழே வைத்து, இந்தக் கடையை ஆரம்பித்தவர் என்று எழுதினேன்.

"மாமாகிட்ட யாரு சொல்றது?" என்றேன்.

"நான் சொல்லிக்கறேன்," என்றார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

தண்டபாணி கேட்டது

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராக என் ஆபீஸுக்கு வந்தார் தண்டபாணி. சட்டையில் கரித்தூள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எந் தம்பி பேரு இருந்த எடத்துல வேற பேரப் போட்டுட்டீங்களே மேடம். செத்தவன இன்னொரு தரம் தூக்கிப்போட்ட மாதிரி இருக்குது."

பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கீழே தம்பியின் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மேலே போய் அஞ்சலையின் படத்தைப் பார்த்தார். பேச்சு மெதுவானது.

"அவனே சொல்லுவான். 'நான் கொண்டாறதும் கொண்டுபோறதும்தாண்ணே, கட்டறது அவதான்'னு. ஆனா அது வூட்டுக்குள்ள பேசிக்கிற பேச்சு. ஊருக்குப் போடணுமா?"

"ஊருக்குத் தெரியாததாலதான் அஞ்சலை தினமும் ஊருக்கெல்லாம் சாவுச் சேதி சொல்லிட்டு இருக்காங்க."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். "சாவுச் சேதியா?"

போன்கள் எப்படி வருகின்றன என்று அஞ்சலை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மைன்ஸில் இருக்கும் மனிதரிடம் எதற்கு என்று விட்டிருக்கிறார். நான் என் கண்முன் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வழி, ஒரே பொண்ணு, தைரியமா இரும்மா. தண்டபாணி கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றார்.

பிறகு, "பழைய வரி உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார். "நானே வந்து பாக்கறேன்னு அவன் பேரோட வரும், அது."

மாற்றுவதற்கு முன்னால் தேடல் முடிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது என் வழக்கம். தேடி எடுத்து அவர் போனுக்கு அனுப்பினேன். திறந்து பார்த்தார். சிரிப்பது போல முகம் போய், பாதியிலேயே நின்றுவிட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். புது வரி சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே ஸ்பேர்பார்ட்ஸ்காரரிடம் கடை விடுவதாக இல்லை என்று அவரே போய்ச் சொல்லிவிட்டதாக அஞ்சலை சொன்னார்.

ஒரு நாள் முழுக்க

புதுப் பெயர் தேடலில் வருவதற்கு மறுபடியும் காத்திருந்தோம். வந்த பிறகும் போன்கள் மளமளவென்று வரவில்லை. பழைய நம்பரை வைத்திருந்தவர்கள் கலியமூர்த்தியைக் கேட்டார்கள். ஒருசிலர் பெண் பெயரைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போயிருப்பார்கள். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நெய்வேலியைச் சுற்றி இருக்கிற எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அஞ்சலை காய்கறிப் பையோடு என் ஆபீஸுக்கு வந்தார். பஜாருக்கு வந்தவர் அப்படியே ஏறி வந்திருந்தார்.

"காலையில வளையமாதேவிலேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டாருங்க. எடுத்ததுமே 'அஞ்சலைங்களா?'ன்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல. வேற யாரையோ கேக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் 'ஆமாங்க, என்ன ஹெச்பி மோட்டாரு?'ன்னு கேட்டேன். மத்தியானமே டாட்டா ஏஸ்ல ஏத்திகினு வந்துட்டாரு. இன்னொருத்தரு காடாம்புலியூரு. அவரும் எம் பேரச் சொல்லித்தான் கேட்டாரு. எப்ப கெடைக்கும்னு மட்டும்தான் கேட்டாங்க."

"நல்லதுதானே அஞ்சலை," என்றேன்.

"நல்லதுதாங்க." பையைக் கீழே வைத்தார். "கடையச் சாத்திட்டுப் பூட்டு போடும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. இன்னிக்கு ஒருத்தர்கிட்டகூட அவரு செத்துட்டாருன்னு நான் சொல்லல. இத்தன நாளும் எப்ப இது நிக்கும் எப்ப இது நிக்கும்னு இருந்தேன். நின்னதும் அவரயே மறந்துட்ட மாதிரி…"

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு இருந்திருந்தா எம் பேரப் பாத்துச் சிரிச்சிருப்பாரு," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

டைட்டில் எத்தனை எழுத்தில் இருக்க வேண்டும், எந்தச் சொல்லைப் போட்டால் தேடலில் மேலே வரும் என்பதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நானும் அதையெல்லாம் பார்த்துத்தான் வேலை செய்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு ஒரு மனிதர் போன் செய்வார். இன்னொரு மனிதர் அதை எடுப்பார். நாம் எழுதாமல் விட்டதையெல்லாம் எடுக்கிறவர்தான் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இப்போதெல்லாம் புதிதாக ஒரு கடைக்காரர் வந்தால் நான் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. உங்கள் கடையில் போனை எடுப்பது யார் என்று முதலில் கேட்கிறேன். முடிந்தால் அவர் பக்கத்தில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.